ஒன்பதாம் போர்ட்டின் பச்சை விளக்கு

சபீனா மேடம் அவர்களுக்கு,

நான் முனை பொருத்திய கேபிள் எதுவும் இன்றுவரை பழுதானதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எட்டு நிறக் கம்பிகளையும் ஒரே நீளத்துக்கு நறுக்கி, வரிசை பிசகாமல் சொருகி, அழுத்தி, இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பவன் நான். செருப்பு வாரைக்கூட நான் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பதாக என் மனைவி பார்வதி சொல்வாள். அப்படியிருக்க, உங்கள் விசாரணை அறிக்கையின் நாலாம் பக்கத்தில், ‘ஒன்பதாம் போர்ட்டுக்குச் செல்லும் கேபிளின் முனை சரியாகப் பொருத்தப்படாததே டேட்டா இழப்புக்குக் காரணமாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த நாள்முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஆலைக்கு எழுதுவதை மலையாளத்திலோ இங்கிலீஷிலோதான் எழுத வேண்டும். அந்த இரண்டிலும் நான் பதினாறு வருடமாகக் காரணங்கள் எழுதிப் பழகிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத எனக்குத் தமிழ்தான் வரும். உங்களுக்கும் வீட்டில் தமிழ்தான் என்று கேள்விப்பட்டேன்.

என் விவரம் கோப்பில் இருக்கும். ராமசுப்ரமணியன், வயது நாற்பத்தெட்டு, ஸ்ரீவராகத்தில் வீடு. தினமும் காலை தம்பானூரில் நாகர்கோவில் பாசஞ்சர் ஏறி, பாறசாலையில் இறங்கி, நம் தேங்காயெண்ணெய் ஆலைக்கு வருகிறேன். அளவு காட்டுகிற கருவி எதுவானாலும் என் பொறுப்பு. கோப்பில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கேபிளின்மேல் உள்ள பழியைத் துடைக்க வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர், உங்களுக்கு ஒரு வரி போதும். ஆனால் இதை ஜெனரல் மானேஜரும் படிப்பார். டாங்க் யார்டில் இருபத்திரண்டு அளவுமானிகள் இருக்கின்றன. அவை சொல்வதெல்லாம் அங்கே ஒரு பெட்டியில் சேர்ந்து, ஒரே கேபிள் வழியாகக் கண்ட்ரோல் ரூமுக்கு வருகிறது. இங்கே வந்து சேரும் இடத்துக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை, பல பக்கமிருந்தும் வரும் டேட்டாவை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும் தகரப் பெட்டி. அதில் வரிசையாக உள்ள ஓட்டைகள்தான் போர்ட். யார்டுக் கேபிள் வந்து நிற்பது ஒன்பதாம் போர்ட்டில்.

கேபிளின் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் ஒரே வேகத்தில், ஒரே முறையில் பேச வேண்டும். வேகம் நூறு. முறை இரண்டு உண்டு. ஃபுல் என்றால் பேசிக்கொண்டே கேட்கலாம். ஹாஃப் என்றால் மற்றவர் வாய் மூடிய பிறகே பேசலாம். யார்டுப் பெட்டியில் நூறு, ஃபுல் என்று ஆணியடித்தாற்போல் வைத்திருக்கிறது. ஸ்விட்சிலும் அப்படியே வைத்துவிட்டால் வம்பில்லை. ஸ்விட்சை மட்டும் ஆட்டோவில் விட்டால், நீ எப்படிப் பேசுவாய் என்று அது எதிர்முனையை விசாரிக்கும். ஆணியடித்த ஆள் பதில் சொல்லமாட்டார். பதில் வராததால், நமக்கெதற்கு வம்பு என்று ஸ்விட்ச் தானே ஹாஃப் என்று முடிவு செய்துகொள்ளும். அப்புறம் ஒருவர் ஓயாமல் பேசுவார், மற்றவர் இடைவெளி தேடிக்கொண்டே இருப்பார், நடுவில் பாதி தொலைந்து போகும். எங்கள் வீட்டில் பார்வதிக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு இதுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், போர்ட்டின் விளக்கு பச்சையாகவே எரியும். லேசாகச் சோதித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபத்திரண்டு கருவிகளும் சேர்ந்து கத்தும்போது மட்டும் நாலைந்து அளவுகள் காணாமல் போகும். பச்சை விளக்கைப் பார்த்தவர்கள் கேபிளை மாற்றுவார்கள், கார்டை மாற்றுவார்கள், கணபதி ஹோமம் வரை யோசிப்பார்கள். ஸ்விட்சின் உள்ளே போய் ஒரு சொல்லைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊர் ஆட்களுக்குப் பச்சை விளக்கின்மேல் அவ்வளவு விசுவாசம்.

இனி தாசம்மாள். அவளை நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த கோலத்தில்தான் பார்த்தீர்கள். நான் பார்த்த தாசம்மாள் வேறு. ஐம்பத்தாறு வயதில், காதில் பென்சிலும் கக்கத்தில் ரிஜிஸ்டருமாக, யார்டு முழுக்க நடந்து அளவெடுத்து எழுதுவாள். இரண்டு டாங்குகளின் அளவுமானி உச்சியில் இருக்கிறது. இரும்பு ஏணி, நாற்பத்தொரு படி. புருஷன் இல்லை. ஒரே மகள் ரெனி, நாக்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள், மருமகனுக்கு ரயில்வேயில் வேலை. பாறசாலையில் தாசம்மாளைத் தவிர என்னைச் சாமி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மற்றவர்கள் சார் என்பார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், என் டிபன் டப்பா ரயிலிலேயே போய்விட்டது. தாசம்மாள் தன் தூக்குவாளியைத் திறந்து, மேல்தட்டில் இருந்த மரச்சீனிக் கிழங்கை மட்டும் எடுத்து ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். சாமிக்கு இது மதி, இதுவே போதும், கீழே உள்ளது ஆகாது என்றாள். ஒரு கிழங்குத் துண்டின் ஓரத்தில் கீழே உள்ளதன் சாறு ஒரு சிவப்புக் கோடாக ஒட்டியிருந்தது. அவளும் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் அந்தத் துண்டைத்தான் முதலில் சாப்பிட்டேன்.

மறுநாள் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. சாளை மீன், கொடம்புளி போட்டு, மண்சட்டியில் வற்ற வைத்தது. அவள் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு வருடம், ஞாயிறும் ஏகாதசியும் நீங்கலாக. ஏகாதசியை எனக்கு நினைவுபடுத்துவதே அவள்தான்.

இதுதான் கோப்பில் இல்லாத விஷயம். ஓட்டலில் போய்ச் சாப்பிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சாலைக் கடைவீதியில் நான் எந்த ஓட்டல் வாசலில் கால் வைத்தாலும் எதிரே அரிசி மண்டியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நிற்பார். இந்த உலகத்தில் நான் மீன் தின்னக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் கண்ட்ரோல் ரூம். பார்வதி கொடுத்தனுப்பும் தயிர்சாதம் வீணாகவில்லை. யார்டில் திரியும் பூனை சாப்பிட்டுவிடும். ஆறு வருடத்தில் அது நல்ல சைவமாகிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்ப்பேன். ஒருமுறை மட்டும் பார்வதி கையை மோந்து பார்த்து, “இதென்ன வாடை?” என்று கேட்டாள். கிரீஸ் என்றேன். அன்று முதல் அவளுக்குக் கிரீஸ் என்றாலே குமட்டுகிறது.

போன வருடம் ஆகஸ்ட் மாதம் இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. ஜெனரல் மானேஜர் தாசம்மாளைக் கூப்பிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். கம்ப்யூட்டர் முப்பது நாள் தொடர்ந்து, ஒரு அளவுகூட விடாமல் பதிவு செய்துவிட்டால் அன்றே அவளுக்கு வேலையிலிருந்து விடுதலை, சலுகைகள் அத்தனையோடும். அதற்கு முன்னால் போனால் ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு அளவு விட்டுப்போனாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். விட்டுப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் அவள் ஏறிப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்ற விதியைச் சேர்த்தவன் நான். அளவு விஷயத்தில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

தாசம்மாள் அன்று சாப்பாட்டு நேரத்தில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள்.

“எனக்க ரெனிக்கு டிசம்பரிலே பேறு, சாமி. நான் இல்லாண்டு அவ என்ன செய்வா? முப்பது கோடு ஆச்சுதுன்னா அண்ணைக்கே வண்டி ஏறிருவேன்.”

ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு நாளைக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தாள். நானும் கூடப் போய்ப் பார்ப்பேன். பத்து, பதினைந்து, இருபது. அப்போதுதான் எனக்கு அவள்மேல் கவலை வந்தது. நாக்பூரில் கடல் கிடையாது. இதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. இந்தி தெரியாது. குளிர் தாங்கமாட்டாள். பொழியூர்க்காரியிடம் கூடைக்குள் கைவிட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கிய ஒரு மனுஷி, பனிக்கட்டியில் கிடக்கும் மீனை எப்படித் தின்பாள்? அவளுக்காக யோசிக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

இருபத்தாறாம் நாள், சாப்பிட்டு முடித்து, மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு, ஒன்பதாம் போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றினேன். ஒரே ஒரு சொல்தான். பத்து நிமிடத்தில் மூன்று அளவுகள் தொலைந்தன. தாசம்மாள் ஏணி ஏறி எழுதினாள். சாயங்காலம் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள்.

“சாரமில்ல சாமி. மிஷினல்லியா. மனுஷனே மறக்கான்” என்று என்னைத்தான் தேற்றினாள். என் முகம் அன்று அப்படி இருந்திருக்கிறது. எனக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் அவள் கொண்டுவந்த நெத்தோலியில் பாதியை அவளுக்கே வைத்துவிட்டேன்.

அன்றைக்கே சப்ளை கம்பெனியிலிருந்து ஜெயன் ஸ்கூட்டரில் வந்தான். நல்ல பையன், வேலை தெரிந்தவன். ‘ஒன்பது: இரண்டு பக்கமும் நூறு, ஃபுல். ஆட்டோவில் விடாதே’ என்று ஒரு தாளில் எழுதி ஸ்விட்சின் தலையில் ஒட்டியவனே அவன்தான். அவன் ஸ்கூட்டர் சத்தம் கேட் பக்கம் கேட்டதும் நான் போர்ட்டைச் சரி செய்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்ததைப் பார்த்து அவன் குழம்பிப்போய், கார்டை மாற்றிவிட்டு, எண்ணெய் ஆவி பட்டிருக்கும் என்று எழுதிக் கொடுத்தான்.

இரண்டாம் முறை இருபத்தெட்டுக் கோடு. அப்போது அவள் ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அதே ஒன்று நாற்பது. டிக்கெட்டைக் கேன்சல் செய்ய நான்தான் தம்பானூரில் வரிசையில் நின்றேன். எனக்கு ஸ்டேஷன் வழிதானே. அதற்குப் பிறகுதான் ஹெட் ஆபீசிலிருந்து நீங்கள் முதல் தடவை வந்தீர்கள். வந்து உட்கார்ந்ததும் கீபோர்டை முகத்தருகே கொண்டுபோய், இதில் மீன் வாடை வருகிறதே என்றீர்கள். அறையில் இருந்தது நானும் ஜெயனும். என் மேசையில் தயிர்சாதம் திறந்து இருந்தது, பக்கத்தில் மாவடு. நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிட்ட கையோடு மெஷினைத் தொடுகிறவனால்தான் இந்தக் கோளாறு என்று எழுதி, ஜெயனை இந்தப் பக்கமே வரக்கூடாது என்றாக்கினீர்கள். “சாறே, ஞான் இன்னு தோசையாணு கழிச்சது” என்று, தான் சாப்பிட்டது தோசைதான் என்று, அவன் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான். எனக்கு அது தெரியும் என்பதால் நான் அவனை நம்பினேன். அவன் மனம் நோகக் கூடாதே என்று ஒரு டைரி கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் எண்ணிக்கை அக்டோபர் இருபதாம் தேதி தொடங்கியது. இந்தத் தடவை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையாகவே. நாற்பத்தொரு படி ஏறிவிட்டு வந்தால் அவளுக்கு முழங்கால் வீங்குகிறது. “எனக்க முட்டு மதியின்னு சொல்லுது, சாமி” என்பாள். இனி தயிர்சாதத்தோடு வாழப் பழகலாம் என்று இரண்டு நாள் ஒத்திகைகூடப் பார்த்தேன். பூனை என்னை ஒரு மாதிரி பார்த்தது.

நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை, இருபத்தொன்பதாம் கோடு. காலையிலிருந்தே துலா மழை. தாசம்மாள் அன்று அயிலை கொண்டுவந்திருந்தாள். நான் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கிற வழக்கம் கிடையாது.

“நாளைக்கு சாமிக்கு நெய்மீன் கொண்டாறேன்” என்றாள். “கடைசியில்லியா.”

கடைசி என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கே வேலை இருந்திருக்காது. அவள் போனதும் கைகூடச் சரியாகக் கழுவவில்லை. ஒன்று நாற்பது.

ஸ்விட்ச் தனக்குள் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, நேரத்தோடு குறித்து வைக்கும். நீங்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. மூன்று மாற்றங்களும் என் பாஸ்வேர்டில், அதே நேரத்தில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் புத்தி தெளிவாக வேலை செய்யும்.

இரண்டு மணிக்குள் ஐந்து அளவுகள் விட்டுப்போயின. ஷிப்ட்காரர் விதியை எடுத்துக் காட்டி, ஏறிப் பார்க்கச் சொன்னார். மழை நிற்கட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் என்று விதியில் இருந்தது. தாசம்மாள் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேலே போய் அளவைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ரிஜிஸ்டரில் எழுதியிருந்தாள். எழுத்து நனைந்திருந்தாலும் அளவு சரியாக இருந்தது. இறங்கும்போதுதான் விழுந்தாள், பன்னிரண்டாம் படியிலிருந்து.

சத்தம் கேட்டதும் ஓடினேன். ஓடுவதற்கு முன்னால் ஒன்பதாம் போர்ட்டை நூறு, ஃபுல் என்று மாற்றிவைத்தேன். நாற்பது வினாடி ஆகியிருக்கும். டேட்டா மேலும் மேலும் தொலைந்துகொண்டிருப்பதைப் பொறுப்புள்ள எந்த என்ஜினீயரும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டான். வெளியே போகும்போது திரும்பிப் பார்த்தேன், விளக்கு பச்சையாகத்தான் இருந்தது.

இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். இனி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, நாக்பூர் வரை ரயிலில் உட்கார்ந்து போவது யோசிக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ஸ்டோர் ரூம் கதவில் இருந்த இருபத்தொன்பது கோடுகளையும் நானே துடைத்துவிட்டேன். என்றைக்காவது திரும்பி வந்து அவற்றைப் பார்த்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும். டிசம்பர் ஒன்பதாம் தேதி ரெனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். குழந்தை அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. தாசம்மாள் ரொம்ப நேரம் போனைக் கீழே வைக்கவிடவில்லை.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “சாமி இப்பம் மத்தியானம் என்ன செய்யிதிய?” என்பது. எனக்குப் பொய் சொல்லும் வழக்கமில்லை. தயிர்சாதம் என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று.

மறு திங்கட்கிழமை பாக்கிங் பிரிவு ஞானபாய், தாசம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, என் மேசை இழுப்பறையில் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே தாசம்மாள் அவளுக்கு மீன் வாங்க ஆள் சொல்லி, பக்குவம் சொல்லி, ஏகாதசி எந்தெந்த நாள் என்பதும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பைபிளில் கைவைத்துச் சத்தியமும் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் மேடம், தாசம்மாள் ஆலையில் தொடர வேண்டும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே நினைத்தேன். இப்படிப்பட்டவர்கள் கிடைப்பதில்லை.

ஆகவே, நாலாம் பக்கத்தில் கேபிளைப் பற்றி எழுதியிருப்பதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் போர்ட்டை மூன்று முறை மாற்றியது நான். அவளை ஏணியில் ஏற்றியது நான் எழுதிய விதி. கேபிளில் ஒரு குற்றமும் இல்லை. இடமிருந்தால் ஜெயனைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். நீங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். பார்வதிக்கு மட்டும் தமிழ்ப் பிரதி அனுப்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம். ஞானபாய் கறியில் கொடம்புளி போதவில்லை, மீனும் அதிகம் வெந்துவிடுகிறது. தினமும் தின்றுகொண்டுதான் இருக்கிறேன். இதை யாரும் தாசம்மாளிடம் சொல்லிவிடக் கூடாது. அவள் மனம் நோகும்படி நான் இன்றுவரை எதுவும் செய்ததில்லை.

இப்படிக்கு,
ராமசுப்ரமணியன்
பாறசாலை, 12 ஜனவரி 2004